சுவரில் மாட்டிய படிக்கட்டு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதை மறைத்துப் பேச எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது எங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். அதற்குப் பிறகு வெல்டிங் கற்றேன், பட்டறை போட்டேன். இந்த ஊரில் நல்ல வீடு என்று நீங்கள் நின்று பார்க்கிற வீடுகளின் வாசல் கேட்டைத் தட்டிப் பாருங்கள், பாதிக்குப் பாதி என் பட்டறையில் பிறந்ததாக இருக்கும். என் பெருமையைச் சொல்ல இதை எழுதவில்லை. என் தம்பியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அவனைப் பற்றிச் சொல்கிறவன் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

தம்பி கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன். அவனைப் படிக்க வைத்தது என் பட்டறை. எனக்கு வராத படிப்பு முழுவதும் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். எனக்கு வந்த வாய் அவனுக்கு வரவில்லை. வீட்டில் அவனுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். இன்றைக்கு வா என்றால் நாளைக்கு வந்து, நேற்று ஏன் வர முடியவில்லை என்று பொறுமையாக விளக்குவான். கிடங்குகளில் எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று சொல்கிற புரோகிராம் எழுதுவது அவன் வேலை. படித்து முடித்ததும் சேர்ந்த அதே நிறுவனத்தில்தான் இன்றும் இருக்கிறான். அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் அவனுக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். இவன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

அவனுக்கு இருந்த ஒரே பித்து போட்டோ. டிஜிட்டல் கேமரா புதிதாக வந்த காலத்தில் சோப்புப் பெட்டி அளவில் வெள்ளி நிறத்தில் ஒன்று வாங்கினான். எல்லோரும் குழந்தையை எடுப்பார்கள், பூவை எடுப்பார்கள். இவன் படிக்கட்டை எடுத்தான். ஆஸ்பத்திரிப் படி, நூலகப் படி, கார் நிறுத்துமிடத்துப் படி, இடிக்கப் போகிற சினிமாக் கொட்டகையின் படி. நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும் பாருங்கள், அந்தத் தேய்மானத்தில் வெளிச்சம் வந்து தங்குகிற வரைக்கும் காத்திருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றக் கட்டடத்தின் பின்படியில் காவலாளி அவனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். நான்தான் போய் மீட்டேன்.

"ஐயா, ரொம்ப நேரமா படியையே பாத்துக்கிட்டு நிக்கறாரு. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல" என்றார் காவலாளி.

"அவன் வாழ்க்கையே அப்படித்தாங்க. விட்டுடுங்க" என்றேன்.

எடுத்த படங்களைப் போடுவதற்குச் சொந்தமாக ஓர் இணையதளம் கட்டினான். கட்டினான் என்றுதான் சொல்ல வேண்டும். ரெடிமேடாகக் கிடைப்பது எதையும் தொடவில்லை, எழுத்து எழுத்தாகத் தானே அடித்தான். ஊர் உலகமெல்லாம் படம் போடுகிற இடங்களில் போட்டால் என்ன என்று கேட்டதற்கு, "அங்க போட்டா ஜட்டி விளம்பரத்துக்கும் மாவு விளம்பரத்துக்கும் நடுவுல என் படி தொங்கும்ணே" என்றான். அவன் மகள்தான் போனில் எனக்குத் திறந்து காட்டினாள். வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு படிக்கட்டு. இந்தப் பக்கம் ஓர் அம்பு, அந்தப் பக்கம் ஓர் அம்பு. அம்பைத் தொட்டால் அடுத்த படிக்கட்டு. கீழே, பார்க்கிறவர்கள் ஏதாவது எழுதி அனுப்ப ஒரு சின்னக் கட்டம். வேறு ஒன்றுமே இல்லை.

"யாரு எடுத்ததுன்னு எங்கடா போட்டிருக்கு?" என்றேன்.

"போடல."

"ஏன்?"

"படியைப் பாக்க வர்றவங்களுக்கு என் பேரு எதுக்குண்ணே?"

"கடையைத் திறந்துட்டு போர்டு மாட்டாம உக்காந்திருக்க."

"போர்டு மாட்டினா அது கடையாயிடும்ணே."

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். என்னை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "வீட்டு வாசல்லயே பேரு போடமாட்டேங்கறாரு மாமா. கூரியர்காரரு பக்கத்து வீட்டுல விசாரிச்சுத்தான் நம்ம வீட்டுக்கு வர்றாரு."

அப்படியும் எங்கெங்கிருந்தோ சிலர் அந்தப் பக்கத்துக்கு வந்தார்கள். முகம் தெரியாத ஒரு பெண்மணி, கால் நடக்க வராதவள், மாடிக்குப் போய்ப் பல வருஷம் ஆயிற்று, உங்கள் படங்களில்தான் ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாளாம். அதை எங்களுக்குப் படித்துக் காட்டியபோது தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டும். சம்பளம் உயர்ந்த நாளில்கூட அந்த முகம் அவனுக்கு வந்ததில்லை.

இடையில் ஒருமுறை வீட்டுக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. மகள் குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்களும் தொடக்க காலப் படிக்கட்டுகளும் ஒரேயடியாகப் போயின. ஒரு வாரம் சாப்பாட்டில் மனம் இல்லாமல் இருந்தான். அதற்குப் பிறகு ஒரு வழி செய்துகொண்டான். தளத்தில் போடுவது சின்னதாக்கிய பிரதி. கேமராவிலிருந்து வருகிற பெரிய படம் இருக்கிறதே, அசல், அதை ஆபீசில் தன் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைத்தான். அங்கே இருப்பதையெல்லாம் வேறு ஊரில் இருக்கிற ஒரு இயந்திரம் தினமும் தானாகவே பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுமாம்.

"வீடே எரிஞ்சாலும் படம் எரியாதுண்ணே" என்றான்.

எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. அவர்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் யோசிப்பார்கள் போலிருக்கிறது. ஒரு பொருள் அழியாமல் இருக்குமா என்று பார்ப்பார்கள். யார் கையில் இருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள்.

இனி என் படிக்கட்டுக்கு வருகிறேன். பட்டறைக்குப் பின்பக்கம் மாடிக்குப் போக ஒரு சுழல் படி இருக்கிறது. இரும்பு. வரைபடம் இல்லை, கணக்கு இல்லை, கண் அளவில் நானே வளைத்து நானே பற்ற வைத்தது. நடுக்குழாய், இடித்துப்போட்ட ஒரு தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தது. படித்த என்ஜினியர்கள் வந்து ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, இது எப்படி ஆடாமல் நிற்கிறது என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நிற்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் உச்சி வெயிலில் தம்பி அதன் அடியில் மல்லாக்கப் படுத்து மேல்நோக்கி எடுத்தான். நான் மேல்படியில் நின்று, சட்டை அழுக்காகிறது எழுந்திருடா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் என் படியை நானே முதன்முறையாகப் பார்த்தேன். நத்தையின் ஓட்டுக்குள் நின்று பார்ப்பது போல. ஒவ்வொரு தகட்டின் விளிம்பிலும் வெயில் ஒரு கோடு இழுத்திருந்தது. வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் அதை போனில் காட்டினேன். காட்டிய பிறகு இந்த மாதிரியே எங்களுக்கும் வேண்டும் என்று வந்தவர்கள் பலர்.

இந்தச் சமயத்தில் அவன் நிறுவனம் புதுக் கட்டடத்துக்கு மாறியது. மாறின முதல் வாரமே தம்பி பட்டறைக்கு வந்து பெயின்ட் டிரம் மேல் உட்கார்ந்தான். சிரித்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, உன் படி எங்க ஆபீஸ்ல இருக்கு."

"எவன் பேத்து எடுத்துக்கிட்டு வந்தான்?"

"படம்ணே. உள்ள நுழைஞ்ச உடனே வரவேற்புச் சுவரு. தரையிலேர்ந்து கூரை வரைக்கும் என் படம். நீலமா சாயம் ஏத்தியிருக்காங்க. 'ஒவ்வொரு படியாய் உயரத்தை நோக்கி'ன்னு கீழ எழுதியிருக்கு."

"உன்கிட்ட கேட்டாங்களா?"

"இல்ல. டிசைனர் ஒருத்தரு புதுசா வந்திருக்காரு. என் தளத்துலேர்ந்து எடுத்திருப்பாரு. எனக்குச் சந்தோஷந்தாண்ணே."

"அது உன்னுதுன்னு சொன்னியா?"

சிரிப்பு நின்றது. "சொல்லல."

"இத்தன வருஷம் அங்க உழைக்கற. உன் பேரு அந்தக் கட்டடத்துல எங்கயாவது இருக்கா? மூலைல சின்னதா ஒரு பேரு போடச் சொல்லு. படம், இன்னாருன்னு. கேட்டா குடியா முழுகிடும்?"

சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உழைத்தவன் பெயரைக் கேட்பதில் என்ன பிழை இருக்கிறது. மகளும் அதையே சொன்னாள், "அப்பா, ஒரு தடவை கேளுங்கப்பா. நான் வந்து பாக்கணும்" என்று. தன் சொந்தத் தளத்தில் பெயர் போடாதவனுக்கு அந்தச் சுவரைப் பார்த்த பிறகு ஆசை வந்துவிட்டது. தினமும் காலையில் அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனானாம். எந்த மூலை, எவ்வளவு சின்ன எழுத்து என்பதைக்கூட முடிவு செய்து வைத்திருந்தான்.

மேலாளரிடம் போய்க் கேட்டான். மேலாளர் டிசைனரைக் கூப்பிட்டார். டிசைனர் கண்ணை இமைக்காமல், "இது நானே பண்ணினது சார்" என்றான்.

மேலாளர் தம்பியைப் பார்த்தார். "அந்தத் தளம் உங்களுதுங்கறீங்க. அதுல உங்க பேரே இல்லையே."

"அசல் இருக்கு சார். இதைவிடப் பெருசா."

"எங்க இருக்கு?"

"என் சீட்லயே இருக்கு சார்."

மேலாளரும் டிசைனரும் அவன் சீட்டுக்குக் கிளம்பினார்கள். பணியாளர் பிரிவைக் கவனிக்கிற அம்மாளும் கூடவே வந்தாள். தம்பி தன் மேஜையில் உட்கார்ந்து அசலைத் திறந்தான். திரை முழுவதும் என் படி. பற்ற வைத்த இடங்கள் ஒவ்வொன்றும் தெரிந்ததாம், துரு தெரிந்ததாம், மேல்படியில் என் செருப்புக் கால் தெரிந்ததாம். தளத்தில் போட்டபோது அந்தக் காலை வெட்டியிருந்தான். டிசைனரின் முகம் தொங்கிப்போயிற்று. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். இவன் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடியது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவன் அதோடு நிறுத்தவில்லை. மற்ற படிகளையும் திறந்தான். நூலகம், ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை. ஒவ்வொன்றும் எங்கே, எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று சொல்லிக்கொண்டே போனான். அன்றைக்குப் பேசின அளவு அவன் கல்யாணத்தன்றுகூடப் பேசியிருக்கமாட்டான்.

"எல்லாப் படமும் இதுலதான் வெச்சிருக்கீங்களா?" என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் இதுலதான் மேடம். பத்திரமா இருக்கு."

"இது ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்ல?"

அந்தக் கேள்வி எதற்கு என்று அவனுக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தபோது புரிந்தது. ஆபீஸ் இயந்திரத்தில் இருப்பது எதுவானாலும் ஆபீசுக்குச் சொந்தம். வேலையில் சேர்ந்தபோதே அவன் ஒப்புக்கொண்ட விதி. படம் அவன் எடுத்ததுதான், அதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. அவனே நிரூபித்துவிட்டான். ஆனால் அது நிறுவனத்தின் படம். அது மட்டுமா, அத்தனை படிக்கட்டும் நிறுவனத்தின் படிக்கட்டு.

கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லையாம். தண்ணீர் கொடுத்தார்களாம். "கம்பெனி சொத்தை வெளியில எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. வேற யாராவது இருந்தா இந்நேரம் வேலை போயிருக்கும். உங்க சர்வீசைப் பார்த்துத்தான் இவ்வளவு சுலபமா முடிச்சுக்கறோம்" என்றாராம் மேலாளர். தளத்தை மூட வேண்டும். இந்தப் படங்களை நான் எடுத்தேன் என்று எங்கேயும் யாரிடமும் சொல்லக்கூடாது. அதற்கு ஒரு கையெழுத்து. மூலையில் ஒரு பெயர் கேட்கப் போனவனிடம் அவர்கள் கேட்டது இதுதான்.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"சின்னதா ஒரு பேருன்னு நீங்கதானே மாமா ஏத்தி விட்டீங்க" என்றாள் அவன் மனைவி.

"பேரு போடச் சொன்னேம்மா. கையெழுத்துப் போடச் சொல்லல."

"இப்ப அதுவும் போடணும்ங்கறாங்க. போடலன்னா வேலை இல்ல."

"இல்லன்னா போகட்டும். டேய், அந்தக் காகிதத்தைக் கிழிச்சு அவங்க முன்னாலயே போட்டுட்டு வாடா. பட்டறை இருக்கு, நான் இருக்கேன்."

"பட்டறைல நான் என்னண்ணே பண்ணுவேன்? பொறி பறந்தாலே கண்ணை மூடிக்குவேன்."

"கணக்கைப் பாரு."

"உன் கணக்கைப் பாக்க ஒருத்தரு இருக்காரு. அவரை எங்க அனுப்புவ?" என்றான். பிறகு, "இவ படிப்பு முடியணும்ணே" என்று மகளைக் காட்டினான். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், அவர் வீட்டுக்கு ஜன்னல் முழுவதும் என் கிரில்தான். அவரிடம் அழைத்துப் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கேஸ் நிக்கும். உங்க தம்பி நிக்கமாட்டாரு" என்றார். தம்பியை ஒருமுறை பார்த்ததிலேயே தெரிந்துகொண்டார்.

கையெழுத்துப் போட்டான். தளத்தை மூடினான். தான் கட்டியதைத் தானே மூடுவதற்கு ஒரு வரி அடித்தால் போதுமாம், அடித்தான். அதற்குள் ஆபீசில் அந்தப் படங்கள் இருக்கிற இடத்துக்குப் போக அவனுக்கு அனுமதி இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அனுமதி டிசைனருக்கு.

"அந்தக் கால் வராத அம்மாவுக்கு ஒரு வரி எழுதிட்டாவது மூடியிருக்கலாமேடா" என்றேன்.

"என்னன்னு எழுத? எழுதக்கூடாதுன்னுதான் போட்டிருக்கே."

பிறகு ஒன்று நடந்தது. முதலில் மாட்டியது தளத்திலிருந்து எடுத்த சின்னப் பிரதி அல்லவா, சுவர் அளவுக்குப் பெரிதாக்கியதில் கிட்டே போனால் கலங்கித் தெரிந்ததாம். இப்போது அசல் கைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து புதிதாக அச்சடித்து மாட்டினார்கள். இந்த முறை சாயம் ஏற்றவில்லை. கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்களாம். இதைச் சொல்லும்போது தம்பி, "பிரிண்ட் நல்லா வந்திருக்குண்ணே" என்றான்.

கேமராவை அவன் யாருக்கோ கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குகிறான்.

சில மாதம் கழித்து அந்த நிறுவனத்திலிருந்தே எனக்கு ஆள் வந்தது. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குக் கம்பிக் கூண்டும் கேட்டும் வேண்டும். தம்பி சொல்லி வரவில்லை, என் வேலையைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேலையைக் கண்டு ஓடின பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தச் சுவரையும் ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தேன். கதவு தானாகத் திறந்தது, எதிரே என் படி நின்றது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். உச்சியில் என் செருப்புக் கால். ஒரு மூலையிலும் பெயர் இல்லை.

வரவேற்பு மேஜைப் பெண் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குல்ல சார்? வர்றவங்க எல்லாரும் கேப்பாங்க. வெளிநாட்டுல எடுத்ததாம்" என்றாள்.

"வெளிநாடா? அது என் பட்டறைக்குப் பின்பக்கம்மா. நான் வளைச்ச படி. மேல நிக்கறது என் காலு."

அவள் மரியாதையாகச் சிரித்தாள். அந்த நேரம் லிப்ட் திறந்து தம்பி வந்தான். கழுத்தில் அடையாள அட்டை. அவனுக்குப் பின்னால் மேலாளர். தம்பி என்னைப் பார்த்தான், சுவரைப் பார்க்கவில்லை.

"எங்க அண்ணன் சார். கேட் வேலைக்கு வந்திருக்காரு" என்று மேலாளரிடம் சொன்னான்.

அந்தப் பெண் சும்மா இருந்திருக்கலாம். "இந்தப் படி இவங்களோட படியாம் சார்" என்றாள்.

மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். திட்டவில்லை, முறைக்கவில்லை, சும்மா பார்த்தார்.

"வயசாயிடுச்சு சார்" என்றான் தம்பி. "எதைப் பாத்தாலும் நான் பண்ணினதும்பாரு."

மேலாளர் தலையசைத்துவிட்டு நடந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சிரித்தாள்.

நான் வாயைத் திறந்திருந்தால் அவன் வேலை அந்த இடத்திலேயே போயிருக்கும். கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். அளவு டேப்பை இழுத்தேன், தம்பி மறுமுனையைப் பிடித்தான். அவன் பிடித்த முனை ஓரிடத்தில் நிற்காமல் சுவரில் பட்டுப் பட்டுச் சத்தம் போட்டது.

"நேரா பிடிடா" என்றேன். அளவைக் குறித்துக்கொண்டேன்.

கேட்டை முடித்துக் கொடுத்தேன், எவரும் குறை சொல்ல முடியாதபடி. அதற்குப் பிறகு தம்பி என் பட்டறைப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் முன்பக்கத்தோடு போய்விடுகிறான். அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான், அவனால் சொல்ல முடியாது. நான் எவரிடமும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் படத்தை எடுத்தவன் என் தம்பி.